லேப்டாப் பழசு; குற்றம் நம்முடையதல்ல



போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் படிப்பகத்துக்கு ஒரு தங்கை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கல்லூரியில் முதலாம் ஆண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இரண்டு நாள்தான் பாக்கி. விண்ணப்பப் பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது, மவுஸ் நகரவில்லை, சான்றிதழை ஏற்ற முடியவில்லை. அந்த லேப்டாப் அவளுடைய அக்கா ப்ளஸ் டூ படித்தபோது, 2012இல், அரசு கொடுத்தது.

"மெமரி கம்மியா இருக்குன்னு காட்டுச்சுண்ணா. அதான் போட்டோ எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அப்பவும் அப்படியேதான் இருக்கு" என்றாள்.

எத்தனை போட்டோ என்று கேட்டோம். அறுநூறுக்கு மேல். அதில் அவளுடைய தாத்தா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கும் படங்களும் இருந்தன. தாத்தா இறந்து மூன்று வருடம் ஆகிறது. வேறு எங்கும் அந்தப் படங்கள் இல்லை. குப்பைத் தொட்டியிலும் மிச்சம் வைக்காமல் முழுவதுமாக அழித்திருந்தாள்.

அதற்கு முன்பே ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். "இதெல்லாம் செத்துப்போன மெஷின்மா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூலிக்கு நெய்கிற அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது? எங்களிடம் வந்து அவள் சொன்ன கடைசி வார்த்தைதான் இதை எழுத வைத்தது: "எனக்குத்தாண்ணா கம்ப்யூட்டர் வரல."

வரவில்லையா? அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

ஒரே சொல், இரண்டு பொருள்

நடந்தது இதுதான். கணினியில் நாம் 'மெமரி' என்று சொல்வது இரண்டு வேறு பொருள்களை. ஒன்று ராம். இன்னொன்று ஹார்டு டிஸ்க். போட்டோ, பாட்டு, சான்றிதழ் எல்லாம் தங்குவது ஹார்டு டிஸ்கில். மின்சாரம் போனாலும் அங்கேயே இருக்கும். ராம் என்பது கணினி இந்த நொடியில் வேலை செய்துகொண்டிருப்பவற்றை வைத்திருக்கும் இடம். நிறுத்தினால் காலியாகிவிடும்.

அவளுடைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் 320 ஜிபி. அதில் பாதிகூட நிரம்பவில்லை. ராம் 2 ஜிபி. திரையில் வந்த எச்சரிக்கை ராமைப் பற்றியது. அவள் அழித்ததோ ஹார்டு டிஸ்கில் இருந்ததை. அறுநூறு படம் போயும் ராமில் ஒரு துளி இடம் கூடவில்லை. போனில் 'மெமரி ஃபுல்' என்று வந்தால் படத்தை அழித்துப் பழகியவர்கள் நாம். போனில் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் சேமிப்பிடத்தைப் பற்றியது. லேப்டாப்பில் அதே சொல் வேறு பொருளில் வந்தது. ஏமாந்தது அவள் தவறா?

நம் ஊர் வேலையை வைத்தே பார்ப்போம். தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தட்டில் தார் சுற்றி வைத்திருக்கும். நாடாவில் தார் தீர்ந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வார். அந்தத் தட்டுதான் ராம். முதலாளி வீட்டு அலமாரியில் இருக்கும் பட்டு நூல்தான் ஹார்டு டிஸ்க். தட்டு சின்னதாக இருந்து, ஒவ்வொரு தாருக்கும் அடுத்த தெருவுக்கு நடந்து போய் வர வேண்டும் என்றால் என்ன ஆகும்? நாள் முழுக்க நடையிலேயே போகும், நெசவு நடக்காது.

ராம் நிரம்பியதும் கணினி செய்வதும் இதையேதான். இப்போதைக்குத் தேவையில்லை என்று அது நினைப்பதை ஹார்டு டிஸ்கின் ஒரு மூலையில் கொண்டுபோய் வைக்கும். தேவைப்பட்டதும் திரும்ப எடுத்து வரும். விண்டோஸில் இதற்குப் பேஜ் ஃபைல் என்று பெயர், லினக்ஸில் ஸ்வாப். ராமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி. சுழலும் பழைய ஹார்டு டிஸ்கில் ஓரிடத்தைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி நொடி. ஒரு லட்சம் மடங்கு. தட்டிலிருந்து தார் எடுக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அலமாரிக்குப் போய்வர ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

லேப்டாப்பின் ஓரத்தில் சின்ன விளக்கு விடாமல் மினுக்குகிறதே, மவுஸ் அசைய மறுக்கிறதே, அந்த நேரத்தில் கணினி நடந்துகொண்டிருக்கிறது. அது சாகவில்லை.

2 ஜிபி எங்கே போகிறது?

எதையும் அழிப்பதற்கு முன் பாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பது முதலில் நிற்கும். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து 'ஃப்ரீ' என்ற கட்டளையைக் கொடுங்கள். அங்கே 'ஃப்ரீ' என்ற கட்டத்தில் கொஞ்சமாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ராமை, அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை வைத்துக்கொள்ள லினக்ஸ் பயன்படுத்தும். கேட்டால் உடனே விட்டுக் கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற கட்டத்தை.

தங்கையின் லேப்டாப்பில் நாங்கள் கண்டது: கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸ் 10. அக்காவுக்குக் கிடைத்தபோது இருந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டு ஆன்ட்டி வைரஸ், ஒன்றோடொன்று மோதிக்கொண்டு. கணினி இயங்கத் தொடங்கும்போதே தாமாக எழுந்துகொள்ளும் ஒன்பது மென்பொருள்கள். குரோமில் பதினான்கு டேப். திரையில் படம் காட்டும் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லாததால் அதுவும் அதே 2 ஜிபியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

டேப் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற இரண்டு ஓட்டைகள் வெளிவந்தன. கணினிச் சிப்பிலேயே இருந்த கோளாறு அது. ஓர் இணையதளம் இன்னொன்றின் ரகசியத்தை எட்டிப் பார்க்க முடியும் என்ற நிலை. அதைத் தடுக்க குரோம் அந்த ஆண்டே ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயலியாகப் பிரித்து வைக்கத் தொடங்கியது. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் அதனால் நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் வரை கூடும் என்று கூகுளே சொன்னது. 16 ஜிபி வைத்திருப்பவர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார். 2 ஜிபி வைத்திருப்பவருக்கு அது விண்ணப்பம் நின்றுபோகும் இடம். சிப்பில் கோளாறு செய்தவர்கள் யாரோ, விலை கொடுப்பவர்கள் யாரோ.

நாங்கள் செய்தது

முதலில் படங்கள். ஹார்டு டிஸ்கில் ஒரு கோப்பை அழித்தால் அது உடனே மறைந்துவிடுவதில்லை. 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். ஆகவே அழித்தது தவறு என்று தெரிந்தால் உடனே கணினியை நிறுத்த வேண்டும். நாங்கள் பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடி, கிடைத்ததை வேறொரு டிஸ்கில் சேமித்தோம். பாதிக்கு மேல் வந்தன. பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் தாத்தாவின் படம் நான்கு கிடைத்தது. மற்றவை இல்லை.

பிறகு ராம். தாமாக எழும் மென்பொருள்களில் தேவையில்லாதவற்றை நிறுத்தினோம். ஆன்ட்டி வைரஸில் ஒன்றை நீக்கினோம். குரோமில் 'மெமரி சேவர்' என்ற அமைப்பை இயக்கினோம்; பார்க்காத டேப்பை அது தூங்க வைத்துவிடும். விளம்பரம் தடுக்கும் நீட்சியைச் சேர்த்தோம். பல செய்திப் பக்கங்களில் செய்தியைவிட விளம்பரமே அதிகம் தின்னும். விண்ணப்பம் போடும்போது அந்த ஒரு டேப் மட்டும் திறந்திருக்க வேண்டும் என்றோம். அன்று இரவு எட்டரை மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அதே மெஷினில்.

அடுத்த வாரம் விண்டோஸை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ திரையுள்ள லினக்ஸ் மின்ட் போட்டோம். அதற்கு 2 ஜிபிதான் குறைந்தபட்சத் தேவை. அதைவிடக் குறைவான ராம் உள்ள கணினிக்கு ஆன்ட்டிஎக்ஸ் போன்றவை உண்டு. லினக்ஸில் 'இசட்ராம்' என்று ஒரு வசதி இருக்கிறது. ராமில் இருப்பதில் ஒரு பகுதியைச் சுருக்கி ராமிலேயே வைத்துக்கொள்ளும். அலமாரிக்கு நடப்பது அதனால் குறையும். லிப்ரே ஆபீஸைத் தமிழ் முகத்திலேயே பயன்படுத்தலாம்.

செய்யக் கூடாதது ஒன்று. 'ராம் பூஸ்டர்', 'மெமரி கிளீனர்' என்று வருபவற்றைப் போடாதீர்கள். அவை ராமில் இருப்பதைப் பிடித்து டிஸ்குக்குத் தள்ளிவிட்டு 'காலியாகிவிட்டது பார்' என்று காட்டும். அடுத்த நொடி அது திரும்ப வந்தாக வேண்டும். தட்டில் இருந்த தாரையெல்லாம் அலமாரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டுத் தட்டு சுத்தமாக இருக்கிறது என்று மெச்சிக்கொள்வது மாதிரி.

காசு கொஞ்சம் இருந்தால் முதலில் ராம் கூட்டுங்கள், அடுத்து ஹார்டு டிஸ்க்குப் பதில் எஸ்எஸ்டி. இந்த லேப்டாப்களில் இருப்பது டிடிஆர்3 வகை. அதிலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு. பழைய ராமைக் கழற்றி, அதன்மேல் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிஸ்டம் 32 பிட் விண்டோஸாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. 2இன் 32 அடுக்கு 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அத்தனை பைட்டுக்குத்தான் அதனால் முகவரி கொடுக்க முடியும். ஆனால் சிஸ்டம் 32 பிட் என்பதால் பிராசஸரும் அப்படித்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். பிராசஸர் 64 பிட்டாக இருந்தால் 64 பிட் லினக்ஸ் போடலாம்.

இது வெறும் தொழில்நுட்பமா?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், தமிழ்நாடு அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அண்ணா நம் காஞ்சிபுரத்துக்காரர். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில்தான். அப்படிப்பட்ட நாட்டில் நம் காலனி வீடுகளுக்குள் கணினி வந்தது பெரிய விஷயம். அதை 'இலவசம்' என்று ஏளனம் செய்தவர்கள் வீட்டில் இரண்டு கணினி இருந்தது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு பூட்டும் வந்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபி ராமுக்கு மேல் பயன்படுத்தாது. நீங்கள் காசு கொடுத்து 4 ஜிபி போட்டாலும் 2 ஜிபியைத்தான் எடுத்துக்கொள்ளும். திரையின் பின்புறப் படத்தைக்கூட மாற்ற விடாது. இயந்திரத்தால் முடியாததல்ல இது. விலை குறைந்த பதிப்பு வாங்கியவர் இதற்கு மேல் போகக் கூடாது என்று எழுதி வைத்த விதி. இந்த வாசல் வரைக்கும்தான், இதற்கு மேல் வராதே என்பது நமக்குப் புதிய வாக்கியமா?

அதே பெட்டிக்குள் இன்னொரு கதவும் இருந்தது: சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த தலித் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர், அந்த நிறுவனத்தை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். வழி இருந்தது. ஆனால் அந்த இரண்டாவது கதவைத் திறக்க நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெரும்பாலான வீடுகளில் அது ஒருநாளும் திறக்கப்படவே இல்லை. பொருளைக் கொடுத்தார்கள், அறிவைக் கொடுக்கவில்லை.

அந்த அறிவு நமக்கு அந்நியமும் அல்ல. பிள்ளையார்பாளையத்தில் ஏதாவது ஒரு தறிக்கூடத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். ஜக்கார்டு பெட்டியிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கும். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது. ஒன்று, பூஜ்யம். பிரான்சில் ஜக்கார்டு 1804இல் காப்புரிமை பெற்ற அந்த அட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ் 1830களில் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒரு முந்தானையின் மயிலை மனதில் வைத்திருக்கும் அட்டை, கணினி நினைவகத்துக்கு முன்னோடி. அதற்குக் கீழே உட்கார்ந்து கூலிக்கு நெய்தவரின் பேத்திதான் 'எனக்குக் கம்ப்யூட்டர் வரல' என்கிறாள்.

இரண்டு எதிர்க்கேள்விகள்

சில தோழர்கள் கேட்கிறார்கள்: பழசை ஒட்டுப்போட்டு ஓட்டச் சொல்வது, நமக்குப் பழசே போதும் என்று சொல்வதாகாதா?

ஆகாது. புதியது நம் உரிமை. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்தது. நம் ஒவ்வொரு மாணவருக்கும் அது வந்து சேர்கிறதா என்று கணக்குக் கேட்போம். ஆனால் இன்றைய விண்ணப்பத்துக்கு நாளைய லேப்டாப் உதவாது. புதியதும் ஒருநாள் பழையதாகும். அப்போதும் ஒரு கடைக்காரர் 'செத்துப்போச்சு' என்பார். அவர் சொல்வது உண்மையா என்று சோதிக்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

இன்னொன்று: நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியது நாம் மட்டும்தானா? இல்லை. ஒரு விண்ணப்பப் பக்கத்தை 16 ஜிபி கணினியில் உட்கார்ந்து வடிவமைக்கிறவர், அதை 2 ஜிபி கணினியிலும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். உதவித்தொகையும் பட்டாவும் சாதிச் சான்றிதழும் இணையத்தில்தான் என்றான பிறகு, கனமான பக்கம் என்பது உயரமான கவுண்டர் மாதிரி. கை எட்டாதவர் வெளியே நிற்பார். இதையும் கோரிக்கையாக்குவோம்.

தூக்கிப் போட்டால் அது எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவைத் தள்ளியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதியில் கொஞ்சம் டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் வெறுங்கையால் உடைக்கப்படுகிறது. இந்த நாட்டில் கழிவு கடைசியில் யார் கைக்கு வரும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நன்றாக ஓடுகிற ஏராளமான கணினிகள் இந்த விதியால் வெளியே தள்ளப்படுகின்றன. அதே ஆண்டு இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தரவு மையங்கள் நினைவகச் சிப்பை அள்ளிக்கொண்டதில் ராம் விலை கடுமையாக ஏறியது. வீட்டுக் கணினிக்கு ராம் விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக மைக்ரான் அறிவித்தது. இருக்கிற 2 ஜிபியைக் காப்பாற்றத் தெரிவது இப்போது முன்னைவிட அவசியம்.

செய்வோம்

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு எங்கள் வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலனியில் இருக்கிற பழைய லேப்டாப்களையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். லினக்ஸ் ஏற்றிய இரண்டு பென் டிரைவும் ஒரு வெளி டிஸ்கும் போதும். முதலில் படங்களையும் சான்றிதழ்களையும் நகலெடுங்கள். அது முடியும்வரை வேறு எதிலும் கை வைக்காதீர்கள். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டுங்கள். நீங்களே சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள்; பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்புக்குச் சொந்தக்காரரின் கையாலேயே செய்ய வையுங்கள். அடுத்த மாதம் அவர் இன்னொருவருக்குச் சொல்லித் தருவார். கற்பி என்று அண்ணல் முதலில் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அந்தத் தங்கை இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் "மெமரி ஃபுல்லாயிடுச்சுக்கா" என்று லேப்டாப்பை நீட்டினான். அவள் கேட்ட முதல் கேள்வி: "எந்த மெமரிடா?"

தாத்தாவின் நான்கு படங்களும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன.

ஜெய் பீம்.